எந்தத் தேதியிலிருந்து? மலையகத்தில் மனிதவளப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2021 டிசெம்பர் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு வியாபார நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நான் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்த களஞ்சியப் பொறுப்பாளருக்கு வரும் மார்ச்சில் 55 வயது நிறைவடைகிறது என்று கோப்பு சொன்னது. நியமனக் கடிதத்திலும் ஓய்வு வயது 55 என்றே இருந்தது. முந்தைய ஆண்டு இன்னொருவருக்குப் போன ஓய்வுக் கடிதத்தை எடுத்தேன். பெயரையும் தேதியையும் மாற்றினேன். மேலாளரிடம் கையொப்பம் வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து மகளுடைய தொலைபேசியை எடுத்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, திரையைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பேராதனையில் படிக்கும் மகள் ஒரு பக்கத்தை எடுத்து வைத்திருந்தார். வேலையாட்களின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம், 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம். சான்றுரைப்படுத்தப்பட்ட தேதி 2021 நவெம்பர் 17. தமிழிலேயே இருந்தது. "ஐயா, இது எனக்கும் பொருந்துமா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

பொருந்தியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் அது. அப்போது 52 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குப் படிப்படியான அட்டவணை ஒன்றும் அதில் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அவரை 55இல் அனுப்ப முடியாது. கடிதத்தை அன்றே திரும்பப் பெற்றோம். ஆனால் முந்தைய இரவு அந்த வீட்டில் மகளின் படிப்புச் செலவையும் நகைக் கடனையும் வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த இரவை யாராலும் திரும்பப் பெற முடியாது. சட்டம் மாறி ஒரு மாதம் ஆகியிருந்தது. இலவசமாக, தமிழில், யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது. அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையை, தோட்ட அலுவலகங்களிலும் ஹோட்டல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: ஆட்களைப் பிரியுங்கள்

புதிதாக வருபவர்கள் சட்டத்திலிருந்து தொடங்குவார்கள். ஆட்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சம்பளத்தையும் விடுமுறையையும் எந்தச் சட்டம் தீர்மானிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் எந்த மாற்றம் உங்களைத் தொடுகிறது, எது தொடாமல் போகிறது என்று தெரியாது.

ஒரு தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மலையில் கொழுந்து எடுப்பவருக்கும் தொழிற்சாலையில் அரைப்பவருக்கும் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேயிலைத் தொழிலுக்கான சம்பளச் சபை குறைந்தபட்ச நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. நாம் பேச்சில் சம்பள நிர்ணய சபை என்று சொல்வது இதைத்தான். அலுவலகத்தில் இருக்கும் கணக்குப்பிள்ளைமாருக்கும் எழுதுநர்களுக்கும் பெரும்பாலும் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கும். பிரதான வீதியில் அதே கம்பெனி ஒரு தேநீர்க் கடை நடத்தினால், அங்கே நிற்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்துவிடும். ஒரே கம்பெனி, ஒரே மாதம், மூன்று கணக்கு.

இந்தப் பிரிவினைகள் எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் மேலாக நிற்பவையும் உண்டு. ஊழியர் சேமலாப நிதி (1958, 15ஆம் இலக்கம்), ஊழியர் நம்பிக்கை நிதி (1980, 46ஆம் இலக்கம்), பணிக்கொடை (1983, 12ஆம் இலக்கம்), தேசிய குறைந்தபட்ச வேதனம் (2016, 3ஆம் இலக்கம்) ஆகியவற்றைத் தாளின் மேல்பகுதியில் எழுதுங்கள். அமயத் தொழிலாளி (தற்காலிகமாக வேலைக்கு வருபவர்), கிலோக் கணக்கில் கூலி பெறுபவர் என்று சொல்லி யாரையும் சேமலாப நிதியிலிருந்து விலக்க முடியாது. முதல் நாளிலிருந்தே அவருக்கு அது உண்டு.

இரண்டு சட்டம் ஒரே ஆளைத் தொடும்போது புதியவர்கள் தடுமாறுவார்கள். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு 27,000 ரூபாய், நாளுக்கு 1,080 ரூபாய் ஆனது. அப்போது தேயிலைத் தொழிலாளிக்குச் சம்பளச் சபை நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350. "புதிய சட்டம் 1,080 என்கிறதே" என்று ஒருவரும் 1,350ஐத் தொட முடியாது. தேசிய வேதனம் கீழே விரித்த பாய். அதற்குக் கீழே யாரும் விழக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

செய்தியையும் சட்டத்தையும் பிரியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். மலையகத்தில் சம்பளச் செய்தி எப்போதும் சட்டத்துக்கு முன்னால் ஓடிவந்துவிடும்.

2024ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 30ஆம் தேதி அதிவிசேட வர்த்தமானி, அதாவது வழக்கமான நாளுக்குக் காத்திராமல் வரும் அரசாங்க அறிவித்தல் இதழ், வெளியாகிறது. தேயிலைத் தொழிலாளரின் நாட்சம்பளம்: அடிப்படை 1,350, விசேட கொடுப்பனவு 350, மொத்தம் 1,700 ரூபாய். மறுநாள் கொட்டகலையில் மே தினக் கூட்டம். அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மேடையில் அதை அறிவிக்கிறார். அன்று மாலையே வர்த்தமானியின் படம் எல்லார் தொலைபேசியிலும் இருந்தது. 1,700 வந்துவிட்டது என்று லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) சர்க்கரைப் பொங்கல் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கம்பெனிகள் எதிர்த்து நீதிமன்றம் போயின. ஜூலை 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மறுபடியும் பேச்சு, மறுபடியும் சம்பளச் சபை. கடைசியில் செப்டெம்பரில் 1,350 என்ற அடிப்படை நாட்சம்பளத்துடன் புதிய வர்த்தமானி வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களிலும், காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வெயில் ஏறுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஐயா, பேருக்கு எவ்வளவு?" பேர் என்றால் தோட்டப் பேச்சில் ஒரு நாள் வேலை. அந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொன்ன அலுவலகங்கள் பின்னால் மிகவும் அவமானப்பட்டன.

சம்பளச் சபை முறையில் ஒரு நுட்பம் உண்டு. அது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சபை ஒரு தொகையை முடிவு செய்ததும் முதலில் வெளியாவது அந்த முடிவை அறிவித்து ஆட்சேபனை கேட்கும் அறிவித்தல். ஆட்சேபனைகளைப் பரிசீலித்து, அமைச்சரின் அங்கீகாரம் பெற்று மறுபடி வெளியாவதுதான் கட்டுப்படுத்தும் தீர்மானம். இரண்டும் வர்த்தமானிதான். ஒரே எழுத்து, ஒரே அரச இலச்சினை. ஆகையால் வர்த்தமானியைப் பார்த்தவுடன் தொகையைத் தேடாதீர்கள். இது ஆட்சேபனை கேட்கிறதா, தீர்மானத்தைச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாராளுமன்றச் சட்டத்துக்கும் இதுபோல் படிகள் உண்டு. வரவு செலவுத் திட்ட உரையில் ஒரு வரி வரும். அமைச்சரவை அங்கீகரித்ததாகச் செய்தி வரும். பிறகு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும். பாராளுமன்றத்தில் நிறைவேறும். சபாநாயகர் சான்றுரைப்படுத்துவார். அந்தக் கடைசிப் படிக்குப் பிறகுதான் அது சட்டம். பழைய தொழிற் சட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரே சட்டம் கொண்டுவருவது பற்றி 2023இல் பெரிய விவாதம் நடந்தது. அந்த வரைவை வைத்து நியமனக் கடிதங்களை மாற்றத் துடித்தவர்களும் இருந்தார்கள். வரைவைப் படியுங்கள், வரப்போவதற்குத் தயாராகுங்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

2025 நவெம்பரில் வந்த வரவு செலவுத் திட்ட உரையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும், அரசாங்கம் வருகைக்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அதில் முன்மொழியப்பட்டது. தலைப்புச் செய்தி 1,750 என்று ஒரே தொகையாகச் சொன்னது. நமக்கு அது ஒரு தொகை அல்ல, இரண்டு. ஒன்றைத் தருவது கம்பெனி, மற்றதைத் தருவது அரசாங்கம். ஒன்று வேலைக்கான சம்பளம், மற்றது வருகைக்கான ஊக்கத்தொகை. செக்ரோலில் (வருகையும் சம்பளமும் பதியும் ஏட்டில்) அவற்றுக்கு இரண்டு நிரல் வேண்டும். எதற்குச் சேமலாப நிதி பிடிப்பது, அரைப்பேர் போட்டவருக்கு எது எப்படிக் கிடைக்கும் என்பதை அறிவுறுத்தலின் எழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எங்கே, எப்போது பார்ப்பது

வாரத்தில் ஒரு நேரத்தை நிறுத்தி வையுங்கள். நான் வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணியை வைத்திருக்கிறேன். வழக்கமான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். அதிவிசேடம் எந்த நாளிலும் வரும். ஆகவே அந்த வாரம் முழுவதற்கும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்து, அதிவிசேட வர்த்தமானிகளின் பட்டியலில் தொழில் அமைச்சு, தொழில் திணைக்களம், சம்பளச் சபை என்ற சொற்களைத் தேடுகிறேன். அதன்பின் பாராளுமன்ற இணையத்தளத்தில் சட்டமூலங்களின் பட்டியல். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் போதும். மழைக்காலத்தில் சிக்னல் கிடைக்காத தோட்டமாக இருந்தால் நகரத்துக்குப் போகும் நாளுடன் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இரவில் படிக்கலாம்.

பகுதித் தொழில் அலுவலகத்துடன் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு வந்த பிறகு போய் நிற்பவர்களைத்தான் அங்கிருப்பவர்கள் அதிகம் பார்க்கிறார்கள். ஒரு சந்தேகத்துடன் முன்கூட்டியே வருபவரை அவர்கள் நன்றாகவே நடத்துவார்கள், இது என் அனுபவம். முக்கியமான கேள்வியானால் கடிதமாகக் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் முதலாளிமார் சம்மேளனத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் அனுப்பும் சுற்றறிக்கைகள் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். பல இடங்களில் அது ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு வழியைப் பலர் மதிப்பதில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர். சங்க அலுவலகத்திலிருந்து அவருக்குச் செய்தி நமக்கு முன்பே வந்துவிடும். அவர் சொல்வது எல்லாம் அப்படியே சட்டமாக இருக்காது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதை அவர் சொல்லிவிடுவார். "தலைவர், அந்த வர்த்தமானி இலக்கம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இலக்கம் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் மூலத்தைப் பிடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த பக்கம் எத்தனை தெளிவாக இருந்தாலும் அதை வைத்து எதையும் செய்யாதீர்கள். முதல் பக்கம் மட்டும் வந்திருக்கும், தேதி சொல்லும் பக்கம் விடுபட்டிருக்கும்.

திருத்தச் சட்டத்தைப் படிப்பது எப்படி

முதல் தடவை திருத்தச் சட்டத்தைத் திறப்பவர்கள் திகைத்துப் போவார்கள். இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் இடப்படும் என்று மட்டும் இருக்கும். அதைத் தனியாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. முதன்மைச் சட்டத்தை அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள். பழைய சொல்லைப் பென்சிலால் அடித்து, புதிய சொல்லை மேலே எழுதுங்கள், ஓரத்தில் திருத்தச் சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் குறியுங்கள். கணினியில் செய்தாலும் சரிதான். ஆனால் கையால் ஒருமுறை எழுதிய பிரிவு மனதில் நிற்கிறது. என்னிடம் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் இப்படிப்பட்ட பிரதி ஒன்று இருக்கிறது. 1939இல் வந்த சட்டம். அதன் ஓரங்களில் வெவ்வேறு நிற மையில் நிறையக் குறிப்புகள் ஏறிவிட்டன.

சட்டத்தின் கடைசிப் பிரிவையும் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை (முரண்பாடு) ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழ்ப் பிரதி அதிகாரபூர்வமானதுதான், அதைப் படித்தே வேலை செய்யலாம். ஆனால் பணம், நாட்கணக்கு, வயது ஆகிய மூன்றும் வரும் இடங்களில் சிங்களம் தெரிந்த சக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

தேதி

நான் இந்தக் கட்டுரைக்கு இந்தத் தலைப்பை வைத்ததற்குக் காரணம் இந்தப் பகுதி. ஒரு சட்டத்துக்கு மூன்று தேதிகள் இருக்கலாம்: செய்தியில் வந்த தேதி, சான்றுரைப்படுத்திய அல்லது வெளியான தேதி, நடைமுறைக்கு வரும் தேதி. உங்கள் கணக்கு மூன்றாவதில் நிற்க வேண்டும்.

நடைமுறைத் தேதி முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்கான 2025ஆம் ஆண்டின் திருத்தம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அது ஏப்ரல் 1 முதல் செல்லும். அதாவது கழிந்த மாதங்களுக்கு நிலுவை கட்ட வேண்டும். அதே திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய் என்று அடுத்த படியையும் சேர்த்தே சொன்னது. படித்த அன்றே அதை ஜனவரி நாட்காட்டியில் குறித்தவர்களுக்கு ஜனவரியில் பதற்றம் இல்லை.

தேதி தவறினால் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்காது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் 1,350 ஆன மாதத்தை ஓர் அலுவலகம் கவனிக்காமல் பழைய தொகையையே போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 22 பேர் போட்டிருந்தால் அவருக்குக் குறைவாகப் போனது 7,700 ரூபாய். அந்தத் தோட்டத்தில் 240 தொழிலாளர்கள் என்றால் 18 இலட்சத்து 48 ஆயிரம். இதோடு முடியாது. அந்த 7,700க்கு ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் தருநர் பங்கு 12 வீதம் என்று சேமலாப நிதிக்கு 1,540, நம்பிக்கை நிதிக்கு 3 வீதமாக 231. சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் 5 வீதத்தில் தொடங்கி, நாள் போகப் போக 50 வீதம் வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும்.

பணிக்கொடையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி 14 நாள் சம்பளம். 30 ஆண்டு வேலை செய்த ஒருவரின் கடைசி நாட்சம்பளம் 1,000 என்றால் 4 இலட்சத்து 20 ஆயிரம். 1,350 என்றால் 5 இலட்சத்து 67 ஆயிரம். இரண்டுக்கும் நடுவில் 1 இலட்சத்து 47 ஆயிரம் ரூபாய். அவர் போகும் நாள் புதிய சம்பளம் தொடங்கும் நாளுக்கு முன்னா பின்னா என்பதில்தான் அது இருக்கிறது. முப்பது வருடம் கூடை சுமந்த தலையின் மீதி அந்தப் பணம். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டிய அந்தக் காசோலையில் கையொப்பம் வாங்கப் போகும்முன் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

ஒரு பதிவேடு போதும்

நீளமான அட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: சட்டத்தின் பெயர், இலக்கம் அல்லது வர்த்தமானி இலக்கம், நடைமுறைத் தேதி, எங்கள் ஆட்களில் யாரைத் தொடுகிறது, எந்தப் படிவத்தை மாற்ற வேண்டும், மாற்றியவர் யார். கடைசி நிரலைக் காலியாக விடாதீர்கள். படிவத்தை மாற்றாமல் தெரிந்து வைத்திருப்பதில் பயன் இல்லை. என்னுடைய 2021 தவறுக்கு வேர் ஒரு பழைய கடிதத்தின் நகல்தான். மாதச் சம்பளப் பட்டியலுக்குப் பின்னால் அந்த மாதம் எந்த வர்த்தமானிப்படி கணக்கிடப்பட்டது என்று ஒரு துண்டுச் சீட்டும் இணைத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்துத் தொழில் உத்தியோகத்தர் வந்து கேட்கும்போது நீங்கள் அந்த நாற்காலியில் இல்லாமல் இருக்கலாம்.

பழைய கோப்புகளில் இன்னும் ஒளிந்திருப்பவை

புதிய இடத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

மகப்பேற்று விடுமுறைப் படிவத்தில் "எத்தனையாவது குழந்தை" என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கிறதா? முன்பு மூன்றாவது குழந்தையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறைந்தது. 2018இல் வந்த திருத்தங்கள் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டன. எந்தக் குழந்தையானாலும் 84 நாள். அந்தக் கட்டம் இருக்கும் வரைக்கும் யாராவது ஒருவர் 42 என்று எழுதிவிடுவார். அந்தத் தாய் கேட்கவும் மாட்டார். கேட்காமலே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்பதையும் கங்காணிமாருக்குச் சொல்லி வையுங்கள். மலை உச்சியில் கொழுந்து எடுப்பவர் பிள்ளைக் காம்பராவுக்கு (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு) இறங்கி ஏறும் தூரத்தை நடந்து பார்த்தால்தான் அந்த நேரத்தின் அருமை புரியும்.

ஆட்சேர்ப்புப் படிவத்தில் குறைந்தபட்ச வயது 14 என்று இருக்கிறதா? 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு அது 16. நகரத்துக் கடைகளிலும் உணவகங்களிலும் பள்ளியை விட்ட பிள்ளைகளைச் சிபாரிசில் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். "பாவம், குடும்பம் கஷ்டப்படுகிறது" என்றுதான் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். 16க்கும் 18க்கும் இடைப்பட்டவரை ஆபத்தான வேலையில் நிறுத்தவும் கூடாது.

விபத்துப் படிவம். வேலையாட்களின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. 2022இல் வந்த 10ஆம் இலக்கத் திருத்தம் வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளே கொண்டுவந்தது, உச்ச நட்டஈட்டை 20 இலட்சமாக உயர்த்தியது. வழுக்குப் பாதையும் பள்ளத்தில் உருளும் லொறியும் உள்ள நமது ஊரில் இதைவிடப் பொருத்தமான திருத்தம் எனக்குத் தெரியாது. ஆனால் பல இடங்களில் படிவம் இன்னும் "வேலைத்தலத்தில் நடந்ததா?" என்று மட்டுமே கேட்கிறது.

ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் கடிதம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், பன்னிரண்டு மாதங்களுக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணமானால் அதை எழுத்தில், நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மேலாளர் கோபத்தில் இருக்கும்போது இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுவது உங்கள் வேலை. பயமாகத்தான் இருக்கும். காட்டுங்கள். அடுத்த நாள் நன்றி சொன்ன மேலாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிரட்டுக்களத்தில் சொல்லுங்கள்

அலுவலகத்துக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியாமல் இருந்தால் வேலை முடியவில்லை. மாற்றம் வந்ததும் அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஓர் அறிவித்தல் எழுதுங்கள். சிங்களத் தொழிலாளர்கள் இருந்தால் சிங்களத்திலும். பழைய தொகை, புதிய தொகை, எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சம்பள நாளில் கையில் கிடைக்கும் என்ற நான்கு விவரம் போதும். சட்டத்தின் மொழியில் எழுதாதீர்கள். "22 பேர் போட்டால் 29,700, அதில் சேமலாப நிதிக்கு 2,376 பிடிபடும், கம்பெனி உங்கள் பெயரில் மேலும் 3,564 கட்டும்" என்று எழுதினால் வாசித்தவர் வாசிக்காதவருக்குச் சொல்லிவிடுவார்.

தலைவரிடம் ஒரு பிரதி, பெரிய கங்காணியிடம் ஒன்று, தொழிற்சாலை வாசலில் ஒன்று. முதல் நாள் காலை நீங்களே பிரட்டுக்களத்துக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி வரும். பதில் தெரியாத கேள்வியும் வரும். அதைக் கேட்டவரின் பெயரோடு பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த நாளில் பதில் சொல்வீர்கள் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்த நாளில் மறுபடி பிரட்டுக்களத்துக்குப் போங்கள்.